வி-ஹோஸ்ட்-நெட்டா, டிபிடிகேயா, எஸ்ஆர்-ஐஓவியா: விஎம் பாக்கெட்டுகளை யாரிடம் ஒப்படைப்பது?

ஒரே சர்வர், ஒரே 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு, லினக்ஸில் விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் ஒரே கேவிஎம். இரண்டு விஎம்களை எழுப்பி, ஒன்றிலிருந்து மற்றதற்கு ஐபெர்ஃப் என்ற வேக அளவீட்டுக் கருவியை வைத்து டிசிபி ஓட்டிப் பாருங்கள். லினக்ஸ் கெர்னல் வழியாகப் போகும் பழைய வி-ஹோஸ்ட்-நெட், கெர்னலைத் தவிர்க்கும் டிபிடிகே நூலகம் போட்ட ஓப்பன் வி-ஸ்விட்சை (விஎம்களை இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) முந்திவிடுவது உண்டு. அதே சர்வரில் வெளியிலிருந்து 64 பைட் பாக்கெட்டுகளைக் கொட்டிப் பாருங்கள். இப்போது வி-ஹோஸ்ட்-நெட் திணறும், டிபிடிகே பல மடங்கு தாண்டிப் போகும். இரண்டு முடிவுகளும் உண்மை. அதனால்தான் ‘எது வேகம்?’ என்று மட்டும் கேட்டால் உருப்படியான பதில் வராது. விஎம்முக்குள் என்ன ஓடுகிறது, பாக்கெட் எவ்வளவு பெரியது, அதற்காக எத்தனை பிராசசர் கோர்களை விட்டுக்கொடுக்கத் தயார் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஈதர்நெட்டில் மிகச் சிறிய ஃபிரேம் 64 பைட். முன்னொட்டும் இடைவெளியும் சேர்ந்தால் கம்பியில் 84 பைட் இடம் பிடிக்கும். 10 கிகாபிட் இணைப்பில் இது நொடிக்கு 1.488 கோடி பாக்கெட். அதாவது பாக்கெட்டுக்கு 67.2 நானோ நொடி. 3 கிகாஹெர்ட்ஸ் கோரில் அது ஏறக்குறைய 200 சைக்கிள். கேஷில் இல்லாத ஒரு தரவை ரேமிலிருந்து எடுத்து வரவே இந்த அவகாசம் தீர்ந்துவிடும். இன்டரப்ட், பாக்கெட்டுக்கு ஒரு தனி நினைவக ஒதுக்கீடு, ஒரு சிஸ்டம் கால் எல்லாம் இதற்குள் அடங்கவே அடங்காது. ஆனால் அதே இணைப்பில் 1500 பைட் பாக்கெட்டுகள் வந்தால் நொடிக்கு 8.12 லட்சம்தான் வரும், ஒவ்வொன்றுக்கும் 1230 நானோ நொடி கிடைக்கும். அந்த வேகத்துக்குக் கெர்னலே போதும்.

வி-ஹோஸ்ட்-நெட் 2010-ல் லினக்ஸ் 2.6.34-ல் வந்தது. அதற்கு முன், விஎம் பார்க்கும் மெய்நிகர் கார்டான விர்ட்டியோவின் பாக்கெட்டுகளை, விஎம்மை ஓட்டும் க்யூமு என்ற புரோகிராமே கையாண்டது. ஒவ்வொன்றும் கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளம்), க்யூமு, கெர்னல் என்று தாவிக்கொண்டிருந்தது. வி-ஹோஸ்ட்-நெட் அந்த நடுக் கட்டத்தை எடுத்துவிட்டு, விர்ட்டியோ வரிசையைக் கெர்னல் த்ரெட் ஒன்றே நேரடியாகப் படிக்கும்படி செய்தது. ‘டாப்’ கட்டளை போட்டுப் பார்த்தால் வி-ஹோஸ்ட் என்ற பெயரோடு க்யூமுவின் பிராசஸ் எண்ணையும் ஒட்டிக்கொண்டு ஒரு த்ரெட் தெரியும், அதுதான் இது. பாக்கெட் அங்கிருந்து டேப் சாதனம் (விஎம்முக்காகக் கெர்னல் வைக்கும் மெய்நிகர் கார்டு), பிரிட்ஜ் அல்லது ஓப்பன் வி-ஸ்விட்ச் கெர்னல் பாதை, கார்டு டிரைவர் என்று போகும். வழியில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கெர்னல் தன் சொந்தக் கட்டமைப்பை உருவாக்கி, நிரப்பி, விடுவிக்க வேண்டும். ஒரு வரிசை, ஒரு த்ரெட் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் பாக்கெட் என்ற அளவை ஒட்டியே மூச்சு வாங்கத் தொடங்கிவிடும்.

அப்படியானால் ஐபெர்ஃபில் எப்படி ஜெயிக்கிறது? விஎம்முக்குள் இருக்கும் டிசிபி, கார்டு வெட்டிக்கொள்ளும் என்று நம்பி, 64 கிலோபைட் வரையிலான ஒரே பெரிய துண்டை விர்ட்டியோவிடம் கொடுக்கிறது. ஹோஸ்டின் (விஎம்களைத் தாங்கும் சர்வரின்) கெர்னல் அதை வெட்டாமல் அப்படியே டேப், பிரிட்ஜ், அடுத்த டேப் என்று கடத்தி எதிர் விஎம்மிடம் சேர்க்கிறது. மொத்தப் பயணத்துக்கும் ஒரு முறைதான் பாக்கெட் செலவு. ஓப்பன் வி-ஸ்விட்சின் டிபிடிகே பாதையில் இந்த வசதி 2020-ல் 2.13 பதிப்பில்தான் சோதனை நிலையில் வந்தது, அதுவும் இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். அணைந்திருந்தால் அதே 64 கிலோபைட்டை விஎம்மே 45 பாக்கெட்டுகளாக வெட்டி அனுப்ப வேண்டும், 45-ஐயும் ஸ்விட்ச் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். டேட்டாபேஸ், வலைத்தளம், பேக்கப் போன்ற வேலைகளை ஓடவிட்டு, “டிபிடிகே போட்டோம், ஒன்றும் வேகம் கூடவில்லையே” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

சரி, டிபிடிகே பக்கம் வருவோம். இன்டெல் 2010-ல் தொடங்கிய நூலகம் இது. 2017 முதல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் இருக்கிறது. கார்டைக் கெர்னலிடமிருந்து பறித்து, விஎஃப்ஐஓ என்ற லினக்ஸ் வசதி வழியாக, கெர்னலுக்கு வெளியே ஓடும் ஒரு சாதாரண யூசர் ஸ்பேஸ் புரோகிராமிடம் கொடுத்துவிடும். இன்டரப்டுக்குக் காத்திருப்பது இல்லை. அடுப்பில் வைத்த பாலை நின்று பார்த்துக்கொண்டே இருப்பதுபோல, ஒரு கோர் வேறு எந்த வேலையும் செய்யாமல் வரிசையையே பார்த்துக்கொண்டிருக்கும். பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்காமல் வழக்கமாக 32 வரை ஒரே அள்ளாக அள்ளும். ஃபங்ஷன் அழைப்பு, கார்டுக்கு எழுதும் சிக்னல் எல்லாம் 32 பாக்கெட்டுகளுக்குப் பகிரப்பட்டுவிடும். நினைவகமும் முன்கூட்டியே ஹியூஜ்பேஜில் (பெரிய நினைவகப் பக்கங்களில்) ஒதுக்கப்பட்டிருக்கும், அதனால் ஓட்டத்தின் நடுவே ஒதுக்கீடு என்ற பேச்சே இல்லை.

இதை விஎம்மோடு இணைக்கும் பாலம்தான் வி-ஹோஸ்ட்-யூசர். 2014-ல் க்யூமு 2.1-ல் வந்தது. விஎம் எழும்போது க்யூமு ஒரு யூனிக்ஸ் சாக்கெட் வழியாக ஸ்விட்ச் பிராசஸிடம் பேசுகிறது. விஎம்மின் நினைவகப் பகுதிகளைத் திறக்க உதவும் ஃபைல் டிஸ்கிரிப்டர்களைக் கொடுக்கிறது, விர்ட்டியோ வரிசைகள் எங்கே இருக்கின்றன என்று சொல்கிறது. ஸ்விட்ச் அந்த நினைவகத்தைத் தன் முகவரி வெளியிலேயே மேப் செய்துகொள்கிறது. அதன் பிறகு க்யூமு தரவுப் பாதையில் இல்லை, கெர்னலும் இல்லை. விஎம் வரிசையில் வைத்ததை ஸ்விட்ச் கோர் நேராகப் பார்த்து எடுக்கிறது. கோர் எப்போதும் விழித்திருப்பதால், ‘பாக்கெட் வைத்துவிட்டேன்’ என்று விஎம் தட்டிச் சொல்லவும் தேவையில்லை. ஒவ்வொரு தட்டலும் ஒரு விஎம் எக்ஸிட் (விஎம்மை நிறுத்தி ஹோஸ்டுக்குத் தாவுவது) என்பதால் இதில் மிச்சமாவது கொஞ்சநஞ்சமல்ல.

ஒன்று மட்டும் மிச்சமாவதில்லை: நகலெடுப்பு. விஎம்முக்கு உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று என்று பாக்கெட் இரண்டு முறை நகலெடுக்கப்படுகிறது. வெளியே வரும் திசையில் நகலைத் தவிர்க்கும் ஒரு வழி டிபிடிகேயில் இருந்தது, 20.11 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். அது எனக்குச் சரியான முடிவாகவே படுகிறது. சின்ன பாக்கெட்டை நகலெடுப்பது மலிவு. அதைத் தவிர்க்கப் போய், விஎம்மின் பஃபரைக் கார்டு விடுவிக்கும் வரை கணக்கு வைத்துக்கொண்டிருப்பதுதான் தலைவலி.

டிபிடிகே விளக்கப் படங்களில் பளிச்சென்று தெரியும் எண்களைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கார்டிலிருந்து விஎம், விஎம்மிலிருந்து மீண்டும் கார்டு என்ற அந்தச் சோதனையில், விஎம்முக்குள்ளும் பெரும்பாலும் டிபிடிகேதான் ஓடிக்கொண்டிருக்கும். டெஸ்ட்-பிஎம்டி என்ற சிறு புரோகிராம், வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். உள்ளே சாதாரண லினக்ஸ் நெட்வொர்க் அடுக்கு ஓடினால், விஎம்முக்கு இன்டரப்ட் கொடுத்து எழுப்ப வேண்டும், உள்ளே இருக்கும் கெர்னல் பாக்கெட்டுக்கு ஒரு கட்டமைப்பு உருவாக்க வேண்டும். வெளியே எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் கழுத்து உள்ளேதான் நெரிபடும். அதனால் என் முடிவு இதுதான்: விஎம்மே ஒரு ரூட்டர், ஃபயர்வால், லோட் பேலன்சர், மொபைல் கோர் நெட்வொர்க்கின் ஒரு பகுதி என்று பாக்கெட்டோடு பாக்கெட்டாக மல்லுக்கட்டும் வேலையைச் செய்தால் வி-ஹோஸ்ட்-யூசர் அதற்காகவே பிறந்தது. வலைத்தளம் ஓட்டும் விஎம்முக்கு அது வீண் செலவு.

அந்தச் செலவு என்ன என்பதையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஸ்விட்சுக்குக் கொடுத்த கோர்கள் பாக்கெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘டாப்’பில் 100 சதவீதம் காட்டும். உண்மையான சுமை தெரிய வேண்டுமானால் ஓப்பன் வி-ஸ்விட்சின் பிஎம்டி (வரிசையையே பார்த்துக்கொண்டிருக்கும் த்ரெட்) புள்ளிவிவரக் கட்டளையில் வேலை சைக்கிள், வெட்டி சைக்கிள் விகிதத்தைப் பார்க்க வேண்டும். சுமை குறைந்தால் கோரைச் சற்றுக் கண்ணயர விடும் வசதி 3.1 பதிப்பில் வந்திருக்கிறது. மின்சாரம் மிச்சமாகும், ஆனால் தாமதம் கொஞ்சம் ஏறும். விஎம்களின் நினைவகம் ஹியூஜ்பேஜில் கட்டப்பட்டுவிடுவதால், இருக்கும் ரேமைவிட அதிகமாக விஎம்களுக்குப் பங்கு போடும் பழக்கத்தையும் மறந்துவிட வேண்டும்.

நிறைய பேர் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம்: க்யூமுவில் விஎம் நினைவகத்தை வரையறுக்கும்போது ‘ஷேர்’ என்ற விருப்பத்தை ‘ஆன்’ ஆக்க விட்டுவிடுவது. விஎம் நன்றாகவே எழும், உள்ளே கார்டும் தெரியும், பாக்கெட் மட்டும் நகராது. காரணம், நினைவகம் தனிப்பட்டதாக மேப் ஆகிவிட்டால் ஸ்விட்சும் விஎம்மும் பார்ப்பது ஒரே பக்கங்களை அல்ல. அடுத்த இடம் நியூமா, அதாவது ஒவ்வொரு பிராசசர் சாக்கெட்டுக்கும் அருகில் தனி நினைவகம் இருக்கும் அமைப்பு. கார்டு ஒரு சாக்கெட்டில், ஸ்விட்ச் கோர் அதே சாக்கெட்டில், விஎம் நினைவகம் மட்டும் அடுத்த சாக்கெட்டில் என்றால், ஒவ்வொரு நகலும் சாக்கெட் தாண்டிப் போகும். வேகம் சரிவதை வேறு எந்த டியூனிங்கும் ஈடுகட்டாது.

மூன்றாவது, வி-ஹோஸ்ட்-யூசரின் யூனிக்ஸ் சாக்கெட்டை யார் திறந்து வைப்பது என்பது. ஸ்விட்ச் சர்வராகவும் க்யூமு கிளையண்டாகவும் இருந்தால், ஸ்விட்சை மறுதொடக்கம் செய்த கணத்தில் அந்த ஹோஸ்டில் உள்ள விஎம்கள் எல்லாம் நெட்வொர்க் இழக்கும், விஎம்களையே நிறுத்தி எழுப்பினால்தான் சரியாகும். தலைகீழாக வைத்து, க்யூமு 2.7 அல்லது அதற்குப் பிந்தையது பயன்படுத்தினால், ஸ்விட்ச் திரும்பி வந்ததும் தானே ஒட்டிக்கொள்ளும். புதிதாக அமைப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இந்த இரண்டாவது முறைக்கே போகலாம்.

பாதுகாப்பை யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். ஸ்விட்ச் பிராசஸ் எல்லா விஎம்களின் நினைவகத்தையும் முழுதாக மேப் செய்து வைத்திருக்கிறது. விஎம் எழுதிவைத்த விர்ட்டியோ விவரங்களை நம்பி அதில் கை வைக்கிறது. 2020-ல் டிபிடிகேயின் வி-ஹோஸ்ட் பகுதியில் சிவிஇ-2020-10722 முதல் 10726 வரையிலான பதிவெண்களில் வரிசையாக ஓட்டைகள் வெளிவந்தன. அவற்றில் ஒன்றில், கெட்ட எண்ணம் கொண்ட ஒரு விஎம் தவறான முகவரியைக் கொடுத்து ஹோஸ்டின் ஸ்விட்ச் பிராசஸையே விழவைக்க முடிந்தது. ஒரு வாடகைதாரர் செய்யும் சேட்டையில் அந்த ஹோஸ்டில் இருக்கும் எல்லோருடைய நெட்வொர்க்கும் போகும். கெர்னல் ஓட்டைகளும் ஆபத்தானவைதான். ஆனால் கெர்னலை அப்டேட் செய்யும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. டிபிடிகேயோ ஸ்விட்சுக்குள் ஒட்டிக் கட்டப்பட்டிருப்பதால் எந்தப் பதிப்பு உள்ளே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் போன்ற பழகிய கருவிகளுக்கு அந்தக் கார்டு தெரியாமல் போவதும் இதே வகைச் சங்கடம். மிரர் வைத்துப் பிடிக்கும் தனிக் கருவி ஓப்பன் வி-ஸ்விட்சோடு வருகிறது, அதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

எஸ்ஆர்-ஐஓவி இந்தச் சண்டையையே தாண்டிப் போகிறது. கார்டு தன்னைப் பல விஎஃப்களாக (மெய்நிகர் கார்டுகளாக) பிரித்துக் காட்டும், விஎம் ஒன்றை நேரடியாக எடுத்துக்கொள்ளும். ஹோஸ்ட் கோர் செலவு பூஜ்யத்தை ஒட்டி, தாமதமும் மிகக் குறைவு. வெளியுலகோடு மட்டும் பேசும், இடம் மாறத் தேவையில்லாத விஎம் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு மாற்றுவது) சிக்கலாகிவிடும். விஎம் கையில் இருப்பது நிஜ ஹார்டுவேர் என்பதால், விர்ட்டியோ கார்டைத் துணையாக வைத்து மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். அது லினக்ஸ் 4.18-ல் வந்தது. வி-ஹோஸ்ட்-யூசரில் இந்தக் கவலை இல்லை, விஎம் பார்ப்பது வெறும் விர்ட்டியோதான்.

இன்னொன்று, ஒரே ஹோஸ்டில் உள்ள விஎம்கள் ஒன்றோடொன்று பேசும்போது பாக்கெட் பிசிஐஇ இணைப்பு வழியாகக் கார்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். இன்டெல் 82599 போன்ற பிசிஐஇ 2.0, 8 லேன் கார்டில் ஒரு திசைக்கு மொத்தமே 32 கிகாபிட்தான். ஃபயர்வால், அதன் பின் லோட் பேலன்சர், அதன் பின் ரூட்டர் என்று மூன்று விஎம்களைச் சங்கிலியாகக் கோத்தால் ஒவ்வொரு கண்ணியும் அதே பாதையைத் தின்னும். அங்கே நினைவகத்தில் நகலெடுக்கும் டிபிடிகே முன்னால் போய்விடும்.

ஏஎஃப்-எக்ஸ்டிபி என்ற லினக்ஸ் வசதி, கெர்னல் பாதைக்கும் டிபிடிகேக்கும் நடுவழி. 2018-ல் லினக்ஸ் 4.18-ல் வந்தது. கார்டு கெர்னலிடமே இருக்கும், பாக்கெட் மட்டும் பகிரப்பட்ட நினைவகம் வழியாக யூசர் ஸ்பேஸுக்கு வரும். பழைய கருவிகள் வேலை செய்யும், கோரை முழுநேரமும் எரிக்கவும் வேண்டாம். 2021 சிக்காம் நெட்வொர்க் ஆய்வு மாநாட்டில் ஓப்பன் வி-ஸ்விட்சின் பாதையை மறுபரிசீலனை செய்த கட்டுரை இந்தத் திசையைத்தான் வலியுறுத்தியது. உச்ச வேகத்தில் டிபிடிகேயை எட்டாது, டிரைவர் ஆதரவும் கார்டுக்குக் கார்டு மாறும். இன்று புதிதாகத் தொடங்குபவர் ஒதுக்கிவிடக் கூடாத வழி. விடிபிஏ வேறு ஒரு பக்கம் வளர்கிறது: விர்ட்டியோ வரிசையைக் கார்டே புரிந்துகொள்ளும், ஆனால் அதற்கேற்ற கார்டு கையில் வேண்டும்.

மாறுவதற்கு முன் இப்போதைய அமைப்பில் இரண்டே விஷயங்களைப் பாருங்கள். நெரிசல் நேரத்தில் அந்த வி-ஹோஸ்ட் த்ரெட் ஒரு கோரை முழுதாகத் தின்கிறதா? டேப் சாதனத்தில் ஓடிய பைட்டுகளைப் பாக்கெட்டுகளால் வகுத்தால் சராசரி அளவு என்ன? த்ரெட் பாதிகூட நிரம்பவில்லை, சராசரி ஆயிரம் பைட்டைத் தாண்டுகிறது என்றால் கோர்களை விஎம்களுக்கே விட்டுவிடுங்கள். த்ரெட் நிரம்பி வழிகிறது, சராசரி 200, 300 பைட் என்றால், முதலில் விர்ட்டியோ வரிசைகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள், அதற்குக் கோர் எதையும் நிரந்தரமாக ஒதுக்கத் தேவையில்லை. அதற்கும் அடங்கவில்லையென்றால், கார்டு இருக்கும் அதே நியூமா சாக்கெட்டில் இரண்டு கோர்களை ஒதுக்கி, ஒரே ஒரு ஹோஸ்டில் வி-ஹோஸ்ட்-யூசரைத் தொடங்குங்கள்.