ஏர் ஃப்ரையரில் மீன் துண்டுகள்: சில மாதப் பயன்பாட்டுக்குப் பின்

நடுமுள்ளோடு குறுக்காக வெட்டிய மீன் துண்டுகளை ஏர் ஃப்ரையரில் வைத்துவிட்டு, எண்ணெயில் பொரித்த மொறுமொறுப்பை எதிர்பார்ப்பவர்கள் சற்று ஏமாறுவார்கள். இக்கருவி விசிறியால் சூடான காற்றைச் சுழற்றும் சிறிய அடுப்பே தவிர, பொரிக்கும் சட்டி அன்று. ஆனால் உட்சதை சாறு வற்றாமல் வேகும் விதத்தில் குறை சொல்ல இடமில்லை.

2.5 செ.மீ. தடிமனுள்ள துண்டுகளின் ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்து, மசாலாவுடன் சிறிது எண்ணெய் தடவி, 200 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்கிய கூடையில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கினால், 10 முதல் 12 நிமிடங்களில் வெந்துவிடுகின்றன. ஈரத்தை ஒற்றாமல் வைத்த நாளில், மேற்பரப்பு சிவக்காமல், ஆவியில் வேகவைத்ததுபோல் வெளிறியே வந்தது. சமையல் வெப்பமானி இருந்தால், முள்ளருகே 63 டிகிரி காட்டியதும் எடுத்துவிடலாம். அதற்கு மேல் சிறிது நேரம் விட்டாலும் கொழுப்புக் குறைந்த மீன் வறண்டு நாராகிவிடும்.

என் பெரிய மனக்குறை கூடையின் அளவுதான். ஒரு தடவைக்கு மூன்று துண்டுகளுக்கு மேல் இடமில்லாததால், நால்வர் உண்ண இரண்டு சுற்றுகள் ஓட்ட வேண்டியிருக்கிறது. சூடு ஆறியதும் கூடையை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவாவிட்டால், மறுநாள் சுடும் கேக்கிலும் மீன் மணக்கும், எனக்கு மணந்தது.