ஜென்டூவா, உபுண்டுவா?

வெள்ளவத்தை வீட்டில் என் பழைய லெப்டொப்பில் இந்த இரண்டு லினக்ஸ் இயங்குதளங்களையும் ஓட்டியிருக்கிறேன். உபுண்டு சுலபம்: அரை மணித்தியாலத்தில் ஏறிவிடும், நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்புக்கு 5 வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். நாளைக்கே வேலைக்கு மெஷின் வேண்டுமென்றால் இதுதான் சரி.

ஜென்டூவின் கதை வேறு. 2002இல் 1.0 பதிப்பு வந்த காலத்திலிருந்து அதன் அடிப்படை ஒன்றுதான்: செயலிகளின் மூலநிரலை இறக்கி, உங்கள் கணினியிலேயே கொம்பைல் செய்வது, அதாவது ஓடக்கூடிய செயலியாகக் கட்டுவது. செயலிகளை நிறுவும் அதன் கருவியான போர்ட்டேஜ் அந்த வேலையைப் பார்க்கும். எது வேண்டும், எது வேண்டாம் என்பதை யூஸ் ஃப்ளாக் எனும் தெரிவுக் குறிகளில் நீங்கள் சொல்லலாம். என்னிடம் பிரின்டர் இல்லை. மேக்.கொன்ஃப் என்ற அமைப்புக் கோப்பில், அச்சிடுவதற்கான 'கப்ஸ்' என்பதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டேன். அந்தத் தெரிவைத் தரும் செயலிகள் எல்லாம் அச்சிடும் பகுதி இல்லாமலே கட்டப்பட்டன. உபுண்டுவில் செயலிப் பொதிகள் கட்டி முடிந்தே வருகின்றன. இந்தத் தெரிவு நம் கையில் இல்லை.

வேகத்துக்காக ஜென்டூ என்பார்கள் பலர். அந்த வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. என்னை இழுத்தது இப்படித் தெரிவு செய்யும் உரிமைதான். அதற்கு விலையும் உண்டு. லிப்ரே ஒபிஸ் என்ற அலுவலகச் செயலித் தொகுப்பைக் கட்ட இரவு முழுக்கப் போகும், ஃபேன் இரையும், கொழும்பு வெக்கையில் கீபோர்ட்டில் கை வைக்க முடியாது. 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவும் ஆயத்தப் பொதிகளை விரிவாகத் தருகிறது. அப்புறம் லிப்ரே ஒபிஸை அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன், மற்றதை நானே கட்டுகிறேன்.