ஓசேஜ் புல்வெளி: பாஹஸ்காவா, கான்சாஸா?

அமெரிக்காவில் ஓசேஜ் புல்வெளியைப் பார்க்க மூன்று நாள் கையில் இருந்தால், கான்சாஸ் மாநிலத்தைவிட ஓக்லஹோமா மாநிலத்தின் பாஹஸ்கா ஊரையே தேர்ந்தெடுப்பேன். அமெரிக்கப் பழங்குடியினரான ஓசேஜ் மக்களின் தலைநகரம் அது. 1938இல் திறந்த அவர்களுடைய அருங்காட்சியகமும், அவர்கள் நிலத்தின் கச்சா எண்ணெய்க் குத்தகைகள் ஏலம் போன ‘மில்லியன் டாலர் எல்ம்’ மரம் நின்ற இடமும் அங்கேதான். அந்த எண்ணெய்ப் பணத்துக்காக 1920களில் ஓசேஜ் மக்கள் பலர் கொல்லப்பட்டதை அறிந்து நடந்தால் தெருவே கனக்கிறது. ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 40,000 ஏக்கர் புல்வெளி. பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) மந்தை மண்சாலையை மறித்தால் காத்திருக்கத்தான் வேண்டும்.

கான்சாஸில் ஸ்ட்ராங் சிட்டி அருகேயுள்ள தேசியப் புல்வெளிக் காப்பகம் ஏறத்தாழ 11,000 ஏக்கர், மந்தையும் சிறியது. ஆனால் காரை விட்டிறங்கி மேய்ச்சல் நிலத்துக்குள்ளேயே நடக்கலாம் (காற்றுக்குத் தொப்பி தங்காது). ஓசேஜ் மக்களோ 1870களிலேயே கான்சாஸிலிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். அவர்களைத் தேடிப் போகிறவருக்கு அங்கே மிச்சம் குறைவு.