சுண்டிக்குளி விறாந்தையில் எட்டுச் சனிக்கிழமைகள்

ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு வரும்போதெல்லாம், ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள் அகப்பட்டுவிடக் கூடாதே என்று பயப்படுவேன். கேனியர், கெனிசியர், கத்மோனியர், ஏத்தியர், பெரிசியர் என்று பத்து இனத்தார். நாக்குத் தடுமாறாமல் வாசித்து முடித்தால் போதும். அவர்கள் யார் என்று நான் கேட்டதில்லை. ஞாயிறு பாடசாலையில் இருபது வருடம் படிப்பித்தும் ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. அந்த உறுத்தலில்தான், யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் ஓய்வுபெற்ற போதகர் ஐயா ஒருவர் தம் வீட்டு விறாந்தையில் நடத்தும், வேதாகமத்தில் வரும் மக்களையும் சொற்களையும் விளக்கும் வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஆறு வரை, எட்டு வாரம். போட்டோகொப்பிச் செலவோடு 1,500 ரூபாய்.

முதல் நாள் ஏத்தியர். துருக்கியில் பொகாஸ்கோய் என்ற இடத்தில் 1906 இல் தோண்டத் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளோடு ஒரு பேரரசின் தலைநகரம் வெளிப்பட்டது. ஆனால் அந்த ஏத்தியரும், ஆபிரகாமுக்குக் கல்லறை நிலம் விற்ற ஏத்தியரும் ஒரே மக்கள்தானா என்பது முடிவாகவில்லை என்று ஐயா அப்போதே சொல்லிவைத்தார். கத்மோனியருக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. வேதாகமம் முழுவதிலும் ஒரே ஒரு முறை வருகிறார்கள். ‘கிழக்கத்தியர்’ என்ற பெயர்ப்பொருளுக்கு மேல் எதுவும் மிஞ்சவில்லை.

மூன்றாம் வாரத்துக்காகவே கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம். 1 சாமுவேல் 13:21. இஸ்ரவேலில் கொல்லனே இல்லாதபடி அவர்களின் எதிரிகளான பெலிஸ்தர் பார்த்துக்கொண்ட காலம். நம் பழைய மொழிபெயர்ப்பில், ஆயுதங்களைக் கூராக்க ‘அரங்கள்’ மாத்திரம் இருந்ததாக வரும். எபிரெய மூலத்தில் உள்ள சொல் ‘பீம்’. வேறெங்கும் வராத சொல் என்பதால் மொழிபெயர்த்தவர்கள் ஊகித்தார்கள். பிறகு பாலஸ்தீன அகழ்வுகளில் அதே சொல் பொறித்த சிறு எடைக்கற்கள் கிடைத்தன. ஏறக்குறைய 7.8 கிராம்; நம் கணக்கில் ஒரு பவுணுக்குச் சற்றுக் குறைவு. அரமல்ல, கலப்பைக் கொழு தீட்டப் பெலிஸ்தருக்குக் கொடுத்த கூலி! அந்த எடை வெள்ளி. வகுப்பில் இருந்த ஊரெழுக் கமக்காரர் ஒருவர், “போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய்க்கு நாங்கள் கொடுத்த விலையை நினைத்துக்கொள்ளுங்கள்” என்றார். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. நூறு தடவை வாசித்த அதிகாரம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஆறாம் வாரத்தில் எனக்கு மனத்தாங்கல். சாலொமோன் ராஜாவிடம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்த தர்ஷீஸின் கப்பல்கள் நம் கரையிலிருந்தே மயில்களை ஏற்றிச் சென்றன என்று ஐயா அறுதியாகச் சொல்லிவிட்டார். மயில் என்று மொழிபெயர்க்கப்படும் எபிரெயச் சொல்லான ‘துக்கி’ நம் ‘தோகை’ என்று மொழியறிஞர் கால்டுவெல் 1856 இல் எழுதியதும், தர்ஷீஸ் என்ற இடம் நம் காலித் துறைமுகம்தான் என்று இலங்கையில் ஆங்கில அரசின் அதிகாரியாயிருந்த டெனன்ட் 1859 இல் வாதிட்டதும் உண்மை. கேட்க எனக்கும் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் தர்ஷீஸ் ஸ்பெயினில் இருந்தது என்பவர்கள் பலர். துக்கி ஒருவகைக் குரங்கு என்று பொருள்கொள்வோரும் உண்டு. ஏத்தியர் விடயத்தில் காட்டிய நிதானம் மயிலைக் கண்டதும் எங்கே போனது? எழுந்து கேட்டேன். கோபிக்காமல் கேட்டார், அடுத்த வாரம் இரண்டு பக்கத்தையும் எழுதிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

பெரிய குறை, வரைபடம் இல்லாதது. இடப்பெயர்களைக் காற்றில் விரலால் காட்டினால் பின்வரிசைக்கு என்ன விளங்கும்? தாள்களில் எபிரெய எழுத்துகளும் மங்கியிருந்தன. ஐந்தரைக்கு மேல் நுளம்பு. இடையில் தரும் பிளேன்டீயும் பனங்கட்டியும் அருமை.

அடுத்த தொடர், வேதாகமத்தின் சங்கீதங்களில் 71 இடங்களில் வரும், பொருள் தெளிவாகாத ‘சேலா’ என்ற சொல்லில் தொடங்குகிறது. பெயர் கொடுத்துவிட்டேன். சுவரில் மாட்ட ஒரு வரைபடமும் வாங்கிவைத்திருக்கிறேன்.