ஸ்கூட்டர் பேனலுக்கு ஸ்ப்ரே கேனா, பட்டறை பெயிண்டா, ஸ்டிக்கரா? கடலோர ஊர்க்காரர்களுக்கான ஒப்பீடு

புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ நாள்தோறும் நிற்கும் வண்டியில் பெயிண்ட் உரிந்தால் பழி உப்புக் காற்றின்மீது விழும். ஆனால் பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. பெயிண்ட் ஏடு ஏடாகக் கழன்றால், அது பிளாஸ்டிக்கை முதலிலிருந்தே பிடிக்கவில்லை. வெளுத்து, தொட்டால் மாவாக ஒட்டினால், மேலே கிளியர் கோட் (நிறத்தின்மேல் அடிக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) இல்லை அல்லது மட்டமான கிளியர். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த இரண்டையும் அது எப்படித் தாங்குகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது தகரம். வெஸ்பாவின் உடல் பெரும்பாலும் எஃகுதான். அதற்கு எபாக்சி பிரைமர் (நிறத்துக்கு அடியில் போடும் பூச்சு), துரு நீக்கம் எல்லாம் வேறு கணக்கு. ஒட்டாவிட்டால் பேனலைக் கழற்றி உட்புறம் பாருங்கள். பிளாஸ்டிக் ரகம் ஏபிஎஸ் (ABS) அல்லது பிபி (PP, பாலிபுரொப்பிலீன்) என்று அச்சில் பொறித்திருக்கும். எழுத்து தெரியாவிட்டால் உள் விளிம்பில் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். நிறம் பூசிய சைடு பேனல், முன் ஏப்ரன், மட்கார்டு பெரும்பாலும் ஏபிஎஸ். சொரசொரப்பான கருப்பு ஃபுட்போர்டு, கால்பக்க உள் கவர் பெரும்பாலும் பிபி.

பிபி-யில் சாதாரண பிரைமர் நிற்காது. அதற்கென்றே உள்ள ஒட்டுதல் பிரைமரை மெல்லிசாக அடித்து, டின்னில் சொன்ன நேரத்துக்குள் நிறம் ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தாலும் செருப்பு உரசும் ஃபுட்போர்டில் பெயிண்ட் தங்காது. அதைப் பூசாமல் விடுவதே நல்லது.

ஸ்ப்ரே கேனோ, பட்டறையின் ஸ்ப்ரே கன்னோ, தயாரிப்பு வேலை ஒன்றுதான். பெயிண்டின் ஆயுள் இங்கேதான் முடிவாகிறது, இதைத்தான் அவசரத்தில் பாதியில் விடுகிறார்கள். பேனலை வண்டியிலேயே வைத்து டேப் ஒட்டி அடிக்கச் சம்மதிக்காதீர்கள். விளிம்பு மடிப்பின் உள்ளே பெயிண்ட் போகாது, உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும். கழற்றியதும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் கழுவுங்கள். கடலோரத் தெருக்களில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணீர் அல்லது மழைநீர் வேண்டும். பெயிண்டுக்கு அடியில் சிக்கும் உப்பு ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளம் போட வைக்கும். உப்புக் காற்று பிளாஸ்டிக்கில் செய்யும் பெரிய கெடுதல் இதுதான்.

வாட்டர் வாஷ் கடைகளில் பளபளப்புக்கு அடிக்கும் பாலிஷில் சிலிக்கான் இருக்கும். அது மிச்சமிருந்தால் புதுப் பெயிண்ட் அங்கங்கே ஒதுங்கிக் குழி குழியாக நிற்கும். தேய்ப்பதற்கு முன்பே மெழுகு நீக்கியாலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலோ துடைத்துவிட வேண்டும். தேய்த்த பிறகு துடைத்தால் சிலிக்கான் கீறல்களுக்குள் போய்விட்டிருக்கும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மூன்றும் ஏபிஎஸ்ஸுக்கு ஆகாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் ஸ்க்ரூ துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும்.

கம்பெனி பெயிண்ட் கெட்டியாக இருந்தால் சுரண்டி எடுக்காதீர்கள், அதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. 400 எண் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும். மடிப்புகளுக்குச் சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட். வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் பிரைமர். பள்ளத்துக்கு வளையும் பிளாஸ்டிக் பட்டி வையுங்கள், காருக்குப் போடும் சாதாரண பட்டி பேனல் வளையும்போது வெடிக்கும். பிரைமரை 600-ல் சமப்படுத்தி, கிளிப் துளைகளில் நிற்கும் தண்ணீர் முழுக்கக் காய்ந்த பிறகுதான் நிறம்.

கேனில் வரும் சாதாரண அக்ரிலிக் பெயிண்ட், கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. வேதிப் பிணைப்பு எதுவும் உண்டாவதில்லை. அதனால் பெட்ரோல் பட்டால் மறுபடி இளகும். டேங்க் மூடியின் பக்கத்தில் பங்க்கில் சிந்தும் சில துளியே போதும். சிறு பேனல், மட்கார்டு நுனி, கண்ணாடி பின்புறம் போன்றவற்றுக்குக் கேன் தாராளமாகப் போதும். 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மூன்று மெல்லிய பூச்சு, இடையில் 10 நிமிடம். ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் வழியும். முழு ஸ்கூட்டருக்கு பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்த்தால் 400 மி.லி. கேன் ஆறேழு ஆகும். அந்தச் செலவுக்குப் பட்டறையில் விலை கேட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம். கேன் வழியிலேயே போவதென்றால் கிளியரை மட்டுமாவது ஹார்ட்னர் (பெயிண்டை இறுகவைக்கும் திரவம்) உள்ளே அடைத்த டூ-கே (2K, இரண்டு பாகம் கலந்து இறுகும் ரகம்) கேனாக வாங்குங்கள். அடிப்பகுதிப் பொத்தானை அழுத்தியதும் உள்ளே கலந்துவிடும். ஓரிரு நாளில் கேனுக்குள்ளேயே இறுகும் என்பதால் எல்லாப் பேனலையும் தயாராக வைத்துக்கொண்டு அழுத்துங்கள்.

கன் வைத்து அடிக்கும் டூ-கே பி.யு. (பாலியூரித்தேன்) கிளியர் இறுகும்போது கண்ணிகளாகப் பிணைகிறது. பெட்ரோல் தாங்கும், வெயில் தாங்கும். நீண்ட ஆயுளுக்கு இதுதான் எங்கள் தேர்வு. 1.3 மி.மீ. நாசில், சுமார் 2 பார் அழுத்தம், நிறம் இரண்டு மூன்று பூச்சு, மேலே கிளியர் இரண்டு பூச்சு. கிளியருக்கும் ஹார்ட்னருக்கும் உள்ள விகிதம் 2:1 ஆகவோ 4:1 ஆகவோ இருக்கும். டின்னில் போட்டிருப்பதை அளவுக் கப்பில் அளந்து ஊற்றும் பெயிண்டரை நம்பலாம், கண் மதிப்பில் ஊற்றுபவரை நம்ப முடியாது. திறந்து வைத்த பழைய ஹார்ட்னர் நம் ஊர்க் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கலங்கிக் கெட்டுப்போயிருக்கும். கம்ப்ரசர் தொட்டியிலும் தண்ணீர் தேங்கும். காலையில் வடித்துவிட்டு, குழாயில் ஈரப்பிரிப்பான் வைத்திருக்கிறாரா பாருங்கள். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது; துணி மாஸ்க் அதைத் தடுக்காது. தகுந்த சுவாசக் கருவி இல்லாதவர் வீட்டு வராந்தாவில் இதை முயலவே கூடாது. டூ-கே கேனுக்கும் இதே எச்சரிக்கைதான்.

சில பட்டறைகளில் விலை குறைத்துச் சொல்வது டூகோ எனப்படும் என்.சி. பெயிண்ட். சீக்கிரம் காயும், பாலிஷ் போட்டால் மின்னும். ஆனால் பெட்ரோலில் கரையும், வெயிலில் மங்கும். மழைக்காலத்தில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும்: தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்க, காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. எது அடிக்கப் போகிறார் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பெயிண்டானாலும் வாடை மழை ஓய்ந்த பிறகு, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, பனி ஈரம் உலர்ந்த முற்பகல் நேரம் தோதானது. கத்திரி வெயிலில் சூடான பேனலில் அடித்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளிருந்து கிளம்பும் கரைப்பான் ஊசித் துளை போடும். நிழல், மெதுவாகக் காயும் ஹார்ட்னர் இரண்டும் அப்போது கட்டாயம். பவுடர் கோட்டிங் கேட்பவர்களுக்கு ஒரு வரி: அது 180 டிகிரிக்கு மேல் சுடப்படுவது. ஏபிஎஸ் 100 டிகிரிக்கு அருகிலேயே இளகிவிடும்.

ஸ்டிக்கர் கடையில் ஒட்டும் வினைலில் இரண்டு ரகம். காஸ்ட் ரகம் மெல்லிசு, வளைவில் அமர்ந்து நிற்கும், விலை அதிகம். காலண்டர் ரகம் தடிமன், சூட்டில் பழைய வடிவத்துக்குச் சுருங்கப் பார்க்கும், ஓரங்கள் தூக்கும். ஏப்ரன் போன்ற இரட்டை வளைவுக்குக் காலண்டர் வேண்டவே வேண்டாம். உரியும் பெயிண்ட்மேல் ஒட்டினால் பெயிண்டோடு சேர்ந்து வரும், சொரசொரப்பான பிபி-யில் பிடிக்காது. அடியில் உள்ள பெயிண்ட் நன்றாக இருந்து, நிறம் மட்டும் சலித்துப்போனவருக்கு இது ஏற்றது. ஆனால் ஆர்.சி.யில் உள்ள நிறம் மாறினால் பிஒய்-01 ஆனாலும் டிஎன்-31 ஆனாலும் ஆர்.டி.ஓ.வில் பதிந்துகொள்ளுங்கள்.

கிளிப் காது உடைந்த பேனலைப் பூசிப் பயனில்லை, ஆட்டத்தில் விரிசல் விடும். நிறத்தோடு வரும் கம்பெனிப் பேனலை நிறக் குறியீடு சொல்லி வாங்குங்கள். சிவப்பு வண்டியென்றால் வெளுத்த பழைய பேனலுக்குப் பக்கத்தில் புதுசு தனியாகத் தெரியும். ஜோடியாக மாற்றுவதே சரி.

பட்டறையிலிருந்து எடுக்கும்போது சீட்டுக்கு அடியில் மறையும் விளிம்பில் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் துணுக்கு வந்தால் பணம் கொடுப்பதற்கு முன் பேசுங்கள். டூ-கே முழுக்க இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை ஷாம்பு, பாலிஷ், வண்டிக் கவர் எதுவும் வேண்டாம். பேனலை மாட்டும்போது துருப்பிடித்த பழைய ஸ்க்ரூவைத் திரும்பப் போடாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் வாஷரும் போடுங்கள்.