முகாம் பிள்ளைகளுக்கு வாய்க்கதையா, கதைப் புத்தகமா?

வெள்ள நிவாரண முகாமுக்குப் போகிறவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. அரிசி, பாயோடு கதையும் கட்டாயம் போக வேண்டும் என்பேன். வீடு மூழ்கியதைப் பற்றி வாய் திறக்காத பிள்ளைகூட, குருவிக் கதை ஒன்று சொன்னால், "குருவிக் கூடு போயிடுச்சே, அப்புறம்?" என்று கேட்கும். தன் பயத்தைக் குருவியின் மேல் ஏற்றிப் பேச அதற்கு இடம் கிடைக்கிறது.

செலவு:
வாய்க்கதை – காசு வேண்டாம், பொறுமையாகச் சொல்ல ஆள் வேண்டும்.
புத்தகம் – மெல்லிய படக்கதை என்றால் கையைக் கடிக்காது.

எத்தனை நாள் உழைக்கும்:
வாய்க்கதை – நனையாது, கிழியாது.
புத்தகம் – ஈரமும் பூச்சியும்தான் எதிரி. இரண்டாம் உலகப் போரில், 1943 முதல், அமெரிக்க வீரர்களுக்குச் சட்டைப்பையில் அடங்கும் நாவல்களைக் கம்பிப் பின் அடித்துக் கொடுத்தார்கள். வெறும் பசை என்றால் பூச்சி அரித்துவிடும். முகாமுக்கும் பின் அடித்ததையே வாங்குங்கள்.

வசதி:
கரண்ட் இல்லாத ராத்திரியில் வாய்க்கதைதான்.

முதல் சில நாளுக்கும் சின்னஞ்சிறுசுகளுக்கும் வாய்க்கதை போதும். முகாம் வாரக்கணக்கில் நீண்டால், வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டும். அந்தக் கூட்டத்தில் தனியாக இருக்க அவர்களுக்கு வேறு வழியில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள்.