சங்கீத வானொலி கணினியில் கரகரத்தால்: வயரா, புளூடூத்தா, விஎல்சியா, டிஏசியா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கச் சாஸ்திரிய சங்கீதம் கேட்க வேண்டுமென்றால் கணினிதான் வழி. எஃப்எம்மில் மின்னல், ராகா என்று தமிழ் நிலையங்கள் இருக்கின்றன, ஆனால் அங்கே பெரும்பாலும் சினிமாப் பாட்டு. இணையத்தில் ஆகாசவாணியின் ராகம் அலைவரிசை 2016 ஜனவரி 26 முதல் இருக்கிறது, 24 மணி நேரமும் ஓடும், கர்நாடகமும் ஹிந்துஸ்தானியும் மாறி மாறி வரும். இந்தியாவில் காலை ஆறு மணிக் கச்சேரி நமக்கு எட்டரைக்கு, பசியாறிவிட்டுச் சாவகாசமாகக் கேட்கலாம். குறை, சத்தம் ஒழுங்காக வராததுதான். உடனே ஆளாளுக்கு ஷாப்பி இணையக் கடையில் யூஎஸ்பி டிஏசி (கணினியின் டிஜிட்டல் ஒலியை ஸ்பீக்கருக்கேற்ற ஒலியாக மாற்றும் வெளிப் பெட்டி) தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பெட்டி கடைசி. செலவே இல்லாத சில மாற்றங்கள் அதைவிட அதிகம் கொடுக்கும்.

முதலில் ஒரு சோதனை. சீடியிலிருந்து கணினியில் ஏற்றிய பாட்டு ஒன்றை அதே ஸ்பீக்கரில், அதே வயரில் போட்டுப் பாருங்கள். அது சுத்தமாகக் கேட்டால் குறை நெட்டிலோ ஒலிபரப்பிலோ இருக்கிறது; அதுவும் கரகரத்தால் குறை உங்கள் மேசையிலேயே. அப்புறம் சத்தத்தின் சாடையைக் கவனியுங்கள். நின்று நின்று வந்தால் நெட். பாட்டு நிற்காமல் நடுநடுவே பொட்டுப் பொட்டென்று வெடித்தால் பெரும்பாலும் டிரைவர், அதாவது கணினியின் உறுப்புகளை இயக்கும் மென்பொருள். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் எது இழுத்துப் பிடிக்கிறது என்று காட்டும், பல நேரம் வைஃபை டிரைவர்தான் மாட்டும். அடியில் ஒரே சுருதியில் 'உம்ம்' என்று இரைந்தால் மின்சாரச் சமாச்சாரம். தம்புராவைத் தண்ணீருக்குள் வைத்து மீட்டுகிற மாதிரி இருந்தால் பிட்ரேட் (விநாடிக்கு எவ்வளவு ஒலித் தரவு வருகிறது என்ற அளவு) குறைவு, அதற்கு உங்கள் வீட்டில் வைத்தியம் கிடையாது.

அந்தக் கடைசி விஷயத்தை முதலிலேயே பேசிவிடலாம், ஏனென்றால் அதிகம் காசு வீணாவது இதில்தான். குறைந்த பிட்ரேட்டில் சுருக்கும்போது மேல் ஸ்தாயி ஒலிகளைத்தான் முதலில் வெட்டுவார்கள். சினிமாப் பாட்டில் அது அவ்வளவாகத் தெரியாது. தம்புராவின் உயிரே அந்த மேல் அதிர்வுகளில் இருக்கிறது, மிருதங்கத்தின் 'சாபு' விழும் அந்தக் கணமும் அப்படித்தான். பிபிசி ரேடியோ 3 பிரிட்டனுக்குள் 320 கேபிபிஎஸ் (விநாடிக்குக் கிலோபிட்) வரைக்கும் அனுப்புகிறது. 48லும் 64லும் அனுப்பும் நிலையங்களும் உண்டு. நிலையம் வெட்டி எறிந்ததை எந்த டிஏசியும் ஒட்டிக் கொடுக்காது. அதேபோல் பழைய நாடாப் பதிவு ஓடும்போது இரைச்சல் வந்தால் அது பதிவிலேயே உள்ளது, கணினியைத் திட்டாதீர்கள்.

பிரவுசரா, விஎல்சி என்ற இலவச பிளேயரா? பிரவுசர் சுலபம், பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் நெட் கொஞ்சம் தடுமாறினால் சில நிலையங்களின் பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் தரத்தைக் குறைத்துவிடும், என்ன பிட்ரேட்டில் ஓடுகிறது என்றும் காட்டாது. விஎல்சியில் கண்ட்ரோல்-என் அழுத்தி ஒலிபரப்பின் முகவரியை ஒட்டினால் ஓடும், கண்ட்ரோல்-ஜே அழுத்தினால் கோடெக் (ஒலியைச் சுருக்கும் முறை), சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்பட்டது) எல்லாம் தெரியும். முகவரியைத் தேடி எடுப்பதுதான் கொஞ்சம் தொல்லை: பிரவுசரில் எஃப்12, நெட்வொர்க் பகுதி, அங்கே எம்3யு8 என்று முடிவதைப் பிடிக்க வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பலன், ஒலியைக் கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்து வைக்கும் நெட்வொர்க் கேச்சிங் என்ற அமைப்பு. அதை 5000 மில்லிசெகண்ட் ஆக்கிவிட்டால் நெட்டின் சின்னச் சின்னத் தடுமாற்றம் காதுக்கே வராது. கச்சேரி நாலைந்து விநாடி தாமதமாக வரும், வரட்டுமே. ஒரு எச்சரிக்கை, விஎல்சியின் சத்தம் 100க்கு மேல் 125 வரை ஏறும். அங்கே போனால் மிருதங்கத்தின் 'தொம்' உடைந்துதான் கேட்கும். என் ஓட்டு விஎல்சிக்கு.

லேனா (மோடத்திலிருந்து கணினிக்கு வரும் நெட் வயர்) வைஃபையா என்பதில் வேகத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். 128 கேபிபிஎஸ் ஒலிபரப்பு ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பி கூடத் தொடாது, அதற்காகப் பெரிய பேக்கேஜுக்கு மாறுவது வீண். வேண்டியது அறாமல் வருவது. ஃபைபர் வராத தோட்டத்து வீடுகளில் 4ஜி மோடம் வைத்திருப்பார்கள், ராத்திரி ஒன்பது மணிக்கு ஊரே படம் பார்க்கும்போது டவர் திணறும், அதற்கு லேன் வயரும் ஒன்றும் செய்யாது, அந்த கேச்சிங்தான் உதவும். வீட்டுக்குள்ளேயே வைஃபை இரண்டு சுவர் தாண்ட வேண்டியிருந்தால் மட்டும் லேன்.

இனி புளூடூத். சண்டை வருகிற இடம் இது, ஆனால் எனக்குச் சந்தேகமே இல்லை, வயர்தான். சாதாரண எஸ்பிசி கோடெக் சுமார் 328 கேபிபிஎஸ் வரை போகும், அது மோசமில்லை. ஆனால் வானொலி ஏற்கெனவே ஒருமுறை சுருங்கி வந்ததை இது மறுபடியும் சுருக்குகிறது. இரண்டாவது, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் புளூடூத்தும் ஒரே அலையில் முட்டிக்கொள்ளும். மூன்றாவதுதான் பெரிய தலைவலி: ஹெட்செட்டின் மைக்கை ஏதாவது ஒரு செயலி திறந்துவிட்டால் விண்டோஸ் அதைத் தொலைபேசி முறைக்கு மாற்றிவிடும், ஸ்டீரியோ போய் ஒற்றை ஒலி, ஆலாபனை டெலிபோனில் பாடுவதாகக் கேட்கும். பின்னால் ஓடும் மீட்டிங் செயலியை மூடுங்கள், மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், திரும்பிவிடும்.

வயருக்கும் அதன் வியாதி உண்டு. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) தோட்டத்துக் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் கூப்பிட்டு, "தம்பி, பாடுறவரைக் காணோம்பா, பிடிலும் மிருதங்கமும் மட்டும் கச்சேரி பண்ணுது" என்றார். "ஜேக்கை முழுசா அழுத்துங்க தாத்தா" என்றேன். 'டிக்' என்று ஒரு சத்தம், பாடகர் வந்துவிட்டார். மாயமில்லை. ஜேக் அரைகுறையாக நின்று எர்த் முனை தொடாவிட்டால் இடது வலது இரண்டிலும் பொதுவாக உள்ளது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். பாடகர் நடுவில் இருப்பதால் அவர்தான் முதலில் காணாமல் போவார். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஜேக்கில் களிம்பும் பிடிக்கும், கான்டாக்ட் கிளீனரை லேசாக அடித்து நாலு முறை சொருகி எடுங்கள்.

டிஏசி எப்போது தேவை? லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிடுங்கள். 'உம்ம்' நின்றுவிட்டால் அது எர்த் வளையம், அதாவது கணினிக்கும் ஆம்பிளிஃபையருக்கும் நடுவே எர்த் வழியாக மின்சாரம் சுற்றிவருவது; இதற்கு டிஏசி வாங்கி ஏமாறாதீர்கள், யூஎஸ்பி வயரும் எர்த்தைச் சுமந்துகொண்டுதான் வரும். கணினியையும் ஆம்பிளிஃபையரையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகிப் பாருங்கள், தீராவிட்டால் ஆடியோ வயரில் அந்த வளையத்தை அறுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்கள். மலிவானதில் கீழ் ஸ்தாயி கொஞ்சம் குறையும். பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், உயிருக்கு ஆபத்து. பேட்டரியிலும் சத்தம் இருக்கிறது, மவுஸை அசைத்தால் 'கிர்ர்' என்கிறது என்றால், அப்போது டிஏசி வாங்கலாம். பெரிதாகப் போக வேண்டாம், ஆப்பிளின் சின்ன யூஎஸ்பி-சி டாங்கிளே போதும்.

வாங்குவதற்கு முன் விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை அணைத்துவிடுங்கள். சத்தத்தைச் சமப்படுத்தும் அந்த வேலை, ஆலாபனை தணியும்போது தம்புராவைத் தூக்கிவிட்டு, மிருதங்கம் விழும்போது எல்லாவற்றையும் அமுக்கும். கம்யூனிகேஷன்ஸ் பகுதியில் 'ஒன்றும் செய்யாதே' என்பதையும் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் அழைப்பு வந்தால் பாட்டை 80 சதவீதம் குறைத்துவிடும். 44.1 கிலோஹெர்ட்ஸா 48ஆ என்ற சாம்பிள் ரேட் விவாதத்தை நான் கண்டுகொள்வதில்லை, வானொலியில் வித்தியாசம் கேட்காது.

லேன் வயர் போட்டவர்களுக்கு மட்டும் ஒன்று. நம் பக்கத்தில் சாயங்கால இடி எப்படி என்று தெரியும். இடி தொடங்குமுன் பவரை மட்டும் பிடுங்கினால் போதாது, லேன் வயரையும் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் மோடத்தோடு கணினியும் சேர்ந்து போய்விடும்.